மஞ்சள் உள்ளங்கை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தாம்பாளத்தில் கற்பூரம் வைத்து, ஏற்றி, அதன் மேல் உள்ளங்கையால் அடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையில் கரி இன்னும் இருக்கிறது. இதற்கு மேலும் நம்பாதவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போகலாம். வருத்தப்பட மாட்டேன்.

துப்பறியும் திம்மராயன் அன்று காலை தன் அலுவலகத்தில் ஆஃப்பாயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலுவலகம் என்பது ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு பஞ்சர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கீழே டயருக்குக் காற்றடித்தால் மேலே நாற்காலி ஆடும். துப்பறிவதற்கு வருமுன் திம்மராயன் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேட்டில் காவல் அதிகாரியாக இருந்தவர். ஷிப்ட் முடிந்து வெளியே போகிற ஆட்கள் அத்தனை பேரும் அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கையைப் பார்த்தே கள்ளனைப் பிடித்துவிடுவார். ஒருமுறை ஒருவன் கையில் எலுமிச்சை சாதத்தின் வாசனை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதென்று டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். சாதத்துக்கு அடியில் முழு கிராங்க் ஷாஃப்ட் ஒன்று தாளித்த கருவேப்பிலையோடு படுத்திருந்தது.

அந்தக் கேட்டில் பெண்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள் முனிலட்சுமி. அவர் ஓய்வு பெற்றதும் அவளும் வேலையை விட்டுவிட்டு உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள். கேட்டில் பேச விட மாட்டார்களாம், இங்கே பேசலாம் என்பதுதான் காரணம்.

"சார், தட்டுல இருக்கறது முட்டையா, சூரியனா? கண்ணு கூசுது" என்றாள்.

கரு அப்படித்தான் இருந்தது. நன்றாகப் பழுத்த பப்பாளியின் நிறம்.

"கீழ மணியோட டிபன் வண்டியில வாங்கினது. யாரோ ஒரு பெரியவர் கொண்டாந்து குடுக்கறாராம். கோழிக்கு மூலிகை போடறாராம். பெங்களூர்லேருந்து கார் போட்டுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போறாங்க" என்றார் திம்மராயன், மூன்றாவதை மடித்து வாயில் போட்டபடி. சில மாதங்களாகவே காலையில் மூன்று, மாலையில் மூன்று. அந்த ருசிக்கு அவர் அடிமை.

"மூலிகைன்னா பச்சையா இல்ல இருக்கணும்?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஆறு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"என் பேரு பிரவீனாங்க. பாகலூர் பக்கம். நான் திருடலைன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அப்படி எழுதிக் குடுக்கறதுன்னா ஊர்ல பாதிப் பேர் வரிசையில நிப்பாங்க. மொதல்ல உக்காரும்மா" என்று முனிலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பிரவீனா சொன்னது இதுதான். அவளுடைய மாமனார் ராஜப்பன். ரோஜாத் தோட்டமும் கொஞ்சம் கோழியும் வைத்திருக்கிறார். பல் முளைத்த நாளிலிருந்து பீடி. அவருடைய அண்ணன் கரியப்பனும் அப்படியே. போன வருஷம் கரியப்பனை நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த கையோடு ராஜப்பனின் மகள் ஜெயப்ரியா அப்பாவை முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரம் ஏற்றி, இனி பீடியைத் தொடுவதில்லை என்று அதன் மேல் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதோடு நிற்கவில்லை. அவள் போகிற கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாத்திரை விற்றாள். ஆரஞ்சு நிறக் கேப்சூல். ஆன்டி ஆக்ஸிடன்ட் வைட்டமின். தினம் ஒன்று போட்டால் புற்றுநோய் கிட்டவே வராது என்றாள். ஜெயப்ரியா அதை டப்பா டப்பாவாக வாங்கி, சாமி அலமாரியில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆன்டி ஆக்ஸிடன்ட்னா என்னம்மா?" என்றார் திம்மராயன்.

"உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்காம பாத்துக்குமாங்க."

"அப்ப நம்ம மாடிக் கைப்பிடிக்கு ஒரு டப்பா வாங்கலாம் சார்" என்றாள் முனிலட்சுமி.

பிரவீனா சிரிக்கவில்லை. "மாமா தினம் ஒண்ணுதான் போடறேன்னு சொல்றாரு. ஆனா ரெண்டு மாசத்துக்கு வர வேண்டிய டப்பா ரெண்டு வாரத்துல காலி. வீட்டுல இருக்கறது மாமா, ஜெயா, நான். எங்க வீட்டுக்காரரு பாலாஜி போச்சம்பள்ளி கம்பெனியில, அங்கயே ரூம் எடுத்திருக்காரு. ஜெயா விடிகாலை பஸ் ஏறினா ராத்திரிதான் வரும். அப்ப பகல்ல எடுக்கறது யாருன்னு கேக்குது. எங்க வீட்டுக்காரரும் போன்ல, எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடேன், மாத்திரைதானே அப்படின்றாரு." அவள் குரல் உடைந்தது. அவள் பிறந்த ஊர் ஆனேக்கல் பக்கம். அழுகை வந்தால் தமிழ் போய் கன்னடம் வந்துவிடும். "நானு கள்ளி அல்லா சார்."

"மாமனார் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. தலையக் குனிஞ்சுக்குவாரு. தங்கமான மனுஷன். மாசமா இருக்கேன்னு தினம் அவர் கையால முட்டை வேக வெச்சுக் குடுப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பையக் கட்டி வெச்சிட்டேன். சாயந்திரம் அம்மா ஊருக்குப் போயிடுவேன். திருடின்ற பேரோட போனா பொறக்கற புள்ளைக்கும் அந்தப் பேர்தான். திருடலைன்னு தெரிஞ்சு போனா..."

"போனா?"

"அப்ப போகவே வேண்டாமில்லிங்க."

கண்ணைத் துடைத்த அந்தக் கைதான் திம்மராயனின் பார்வையில் விழுந்தது. உள்ளங்கை முழுக்க மஞ்சள். மஞ்சள் என்று கூடச் சொல்ல முடியாது. ஆரஞ்சின் ஓரம்.

"காலையில மஞ்சள் அரைச்சியாம்மா?"

"இல்லிங்க. கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்குது. பாத்திரம் தேய்க்கற நாரால தேய்ச்சாலும் போகல."

மாலைக்குள் வருகிறோம் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தார். அவள் படியிறங்கியதும் நாற்காலியில் சாய்ந்தார். கீழே யாரோ காற்றடித்தார்கள். நாற்காலி ஆடியது.

"கேஸ் முடிஞ்சுது முனிலட்சுமி."

"இன்னும் ஆரம்பிக்கலையே சார்."

"கையப் பாத்தியா? அத விட என்ன வேணும்?"

முனிலட்சுமி அவர் தட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். அப்போது எதுவும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். திம்மராயனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறவன் காது கேட்காதவன்.

ஜூஜுவாடியில் டாக்டர் ருக்மணியின் கிளினிக். கர்நாடக எல்லையில் அன்றைக்கு வழக்கமான நெரிசல். அந்த நெரிசலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் இதில் மாட்டிக்கொண்ட இரண்டு கார்களில் இருந்த குடும்பங்கள் பேச்சுக் கொடுத்து, ஜாதகம் பார்த்து, தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். வண்டி அத்திப்பள்ளி போய்ச் சேர்ந்தபோது பெண்ணுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. திம்மராயனின் மொபெட் இடுக்கில் நுழைந்து நுழைந்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

"உள்ளங்கை மஞ்சள், கண்ணு?" என்று கேட்டார் டாக்டர் ருக்மணி. ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டே பேசினார்.

"கண்ணு வெள்ளைதான்" என்றாள் முனிலட்சுமி.

"அப்ப காமாலை இல்ல. காமாலைன்னா கண்ணுதான் மொதல்ல மஞ்சளாகும். இது பீட்டா கரோட்டின். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் குடுக்கற சமாச்சாரம். நிறைய உள்ள போனா தோல்ல வந்து உக்காந்துக்கும். நிறம்தான், வேற ஒண்ணும் பண்ணாது. நிறுத்தினா கொஞ்ச நாள்ல போயிடும். மாசமா இருக்கற பொண்ணு, எதுக்கும் என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

திம்மராயன் முனிலட்சுமியைப் பெருமையோடு பார்த்தார்.

"அந்த ஆரஞ்சு கேப்சூல்ல இருக்கறது அதானே டாக்டரம்மா?"

"அதுவும் இருக்கும், கூட வைட்டமின் ஈ, சி எல்லாம் இருக்கும். காய், பழம் நிறையச் சாப்பிடறவங்களுக்கு நோய் கம்மியா வருதுன்னு ஒரு காலத்துல கவனிச்சாங்க. அப்ப காயில இருக்கறத மட்டும் பிரிச்சு மாத்திரையாக் குடுத்தா நோயே வராதுன்னு நெனச்சாங்க. ஆயிரக்கணக்கான பேருக்கு வருஷக்கணக்கா குடுத்துப் பாத்தாங்க." குழந்தை வீறிட்டது. டாக்டர் அதன் தொடையைத் தேய்த்துவிட்டார். "புற்றுநோய் கொறையல. சிகரெட் குடிக்கறவங்களுக்கு மட்டும் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்துச்சு. பாதியிலயே நிறுத்தின ஆராய்ச்சி கூட உண்டு."

"பீடிக்கும் அப்படித்தானா?"

"பீடிய தனியா வெச்சுப் பாத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா பீடி குடிக்கறவருக்கு நான் இத எழுத மாட்டேன். முன்ன ஒருநாள் ஒரு பெரியவர் வந்து இதேதான் கேட்டாரு. பீடிய விடுங்க, அதுதான் மாத்திரைன்னு சொல்லி அனுப்பினேன்."

"யாரு டாக்டரம்மா அந்தப் பெரியவரு?" என்றாள் முனிலட்சுமி.

"என்கிட்ட வர்றவங்க பேரை நான் சொல்ல மாட்டேன்."

"அது நமக்கு எதுக்கு. நம்ம பெரியவர்தான் பீடிய விட்டாச்சே" என்று திம்மராயன் எழுந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மஞ்சள் கைக்குக் காரணம் கேப்சூல். கேப்சூல் எடுத்தது மஞ்சள் கை. இதற்கு ஒரு டாக்டரின் சாட்சியும் ஆயிற்று. தன்னை நம்பி மாடியேறி வந்த பெண்ணையே பிடித்துக்கொடுக்கப் போகிறோமே என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. கேட்டில் நின்ற பழக்கம் அதை நசுக்கியது.

ராஜப்பனின் வீடு ரோஜாத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. வாசலில் கோழிகள் மேய்ந்தன. ஒவ்வொன்றின் காலும் சிக்னலில் எரிகிற மஞ்சள் விளக்கைப் போல இருந்தது. அந்த வீட்டுச் சேவலுக்கு அப்படி ஓர் ஆரோக்கியம். அது கூவினால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சேவல்கள் கன்னடத்தில் பதில் சொல்லும். திம்மராயன் கோழிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முனிலட்சுமி மட்டும் கொஞ்சம் நின்று அவற்றின் கால்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜெயப்ரியாவுக்கு அன்று வார விடுமுறை. கம்பெனி டீ ஷர்ட்டையே வீட்டிலும் போட்டிருந்தாள். டிடெக்டிவ் என்று கேட்டதும் முகம் சிவந்தது.

"அண்ணி, வீட்டு விஷயத்தை ஊர்ல கொண்டுபோய் வெச்சீங்களா?"

"நீ திருடின்னு சொன்னியே, அது வீட்டுக்குள்ளயா இருந்துச்சு? பால் ஊத்தறவரு வரைக்கும் தெரியும்" என்றாள் பிரவீனா. கதவோரம் கட்டிய பை இருந்தது. "இன்னைக்குத் தெரிஞ்சிடட்டும்."

ராஜப்பன் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. இருமலை அடக்கி அடக்கி இருமினார். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திம்மராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். எல்லாரும் கையை விரிச்சுக் காட்டுங்க."

பழைய கேட் குரல். மூவரும் தானாகக் கையை நீட்டினார்கள். ஜெயப்ரியாவின் கை சாதாரணமாக இருந்தது. ராஜப்பனின் உள்ளங்கையும் உழைத்துக் காய்த்த சாதாரணக் கைதான். ஆள்காட்டி விரலும் நடு விரலும் மட்டும் மடங்கியிருந்தன. பிரவீனாவின் கை ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னியது.

"அந்தக் கேப்சூலை நிறையத் தின்னா உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணு வெள்ளையா இருக்கும். டாக்டர் சொன்னது, நான் சொல்லல" என்றார் திம்மராயன். "மாத்திரை எங்க போச்சுன்னு மாத்திரையே சொல்லிடுச்சு. என்னை மன்னிச்சிடும்மா. என்கிட்ட வந்தது நீதான். ஆனா கை பொய் சொல்லாது."

பிரவீனா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் கைதானா என்று சந்தேகப்படுகிறவள் போல ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து பையைத் தூக்கினாள்.

"கேட்டா நானே குடுத்திருப்பேனே அண்ணி" என்றாள் ஜெயப்ரியா. "அப்பாவுக்கு எதாவது ஆயிடுமோன்னு நான் ராத்திரி தூங்காம கெடக்கேன். அவர் உசுருங்க அது."

ராஜப்பன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. மூடிக்கொண்டார்.

"சார்" என்றாள் முனிலட்சுமி. "இன்னும் ஒருத்தர் கையப் பாக்கலையே."

"யாரு?"

"உங்க கை."

"என் கை எதுக்கு?"

"கேட்ல நிக்கறவர யாரும் சோதிக்கறதில்ல, வாஸ்தவம்தான். இன்னைக்கு ஒருநாள் காட்டுங்களேன்."

திம்மராயன் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். விரித்த பிறகு சிரிப்பு நின்றது. பிரவீனாவின் கை எலுமிச்சை என்றால் அவருடையது கமலா ஆரஞ்சு. மொபெட் கைப்பிடியின் கறுப்பு படிந்திருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஊர்ப்பட்ட கையையெல்லாம் பார்த்தவர் கண்ணாடி முன்னால் மீசையைத்தான் பார்ப்பார். கையைப் பார்த்ததில்லை.

வெளியே சேவல் கூவியது.

"நீங்களும் எங்க வீட்டுக்கு வந்து மாத்திரை தின்னீங்களா சார்?" என்றாள் பிரவீனா. கேலி இல்லை அதில். உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் அது அவருக்குத் தாங்கவில்லை. கேட்டில் அத்தனை வருஷம் கைநீட்டி நின்றவர்களின் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கையை வேட்டியில் தேய்த்தார். எந்த நாரால் தேய்த்தாலும் போகாது என்று அவள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"இவரு காலையிலயே மஞ்சளா இருந்தாரு" என்றாள் முனிலட்சுமி. "ரெண்டு பேரும் ஒரே பொருளைத் தின்னிருக்காங்க. ஆனா அது மாத்திரை இல்ல. ஜெயப்ரியா, நீ வீட்டுல முட்டை சாப்பிடுவியாம்மா?"

"இல்லிங்க. எனக்கு மூணு வேளையும் கேன்டீன்தான்."

முனிலட்சுமி சமையலறைக்குள் போய்க் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவந்து, எல்லாருக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தட்டில் உடைத்து ஊற்றினாள்.

சூரியன் வந்து தட்டில் உட்கார்ந்தது.

திம்மராயன் மெதுவாகத் திரும்பினார். இந்த முறை அவர் குரலில் கேட் இல்லை.

"ஐயா, தினம் மாத்திரை போடறது நீங்க. மஞ்சளாக வேண்டிய கை உங்களோடது. அது எப்படிங்க இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"சுத்தம்னு எப்படிச் சொல்றீங்க சார்" என்றாள் முனிலட்சுமி. "அந்த ரெண்டு விரலை இன்னும் பாக்கலையே."

ராஜப்பன் மடங்கியிருந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக நீட்டினார். நுனி இரண்டும் பீடிக் கறையில் பழுப்பேறிக் கிடந்தன.

"விட முடியல சாமி" என்றார் தரையைப் பார்த்து. "தோட்டத்துக்குள்ள போயி குடிப்பேன். ஜூஜுவாடி டாக்டரம்மாகிட்ட ரகசியமா கேட்டேன். பீடி குடிக்கறவரு இத தின்னாதீங்கன்னாங்க. அத இவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, நீதான் பீடிய விட்டுட்டியே, உனக்கென்னன்னு கேப்பா. தூக்கி எறியவும் மனசு வரல. புள்ளை சம்பாதிச்சு வாங்கினது. அதான் அரிசியோட கலந்து கோழிக்குப் போட்டேன்."

"ஒண்ணு ஒண்ணாவா?" என்றாள் ஜெயப்ரியா.

"மொதல்ல ஒண்ணுதான். அப்பறம் கரு இந்த நெறத்துக்கு வந்துச்சு. ஓசூர்ல மணி, பெரியவரே இப்படி ஒரு முட்டைய நான் பாத்ததில்லைன்னான். என்னை இந்த வயசுல யாரு பாராட்டினாங்க? அப்பறம் கையில வந்ததையெல்லாம் போட ஆரம்பிச்சேன். நான் ஒண்ணு கூடத் தின்னதில்ல, எல்லாம் மணிக்கும் மருமகளுக்கும்தான்."

"மாமா" என்றாள் பிரவீனா. "என்னைத் திருடின்னு சொன்னப்ப நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்ல வாய் வரல. மனசு கேக்கல. அதான் அன்னையிலேருந்து உனக்கு ஒரு முட்டை சேத்துக் குடுத்தேன்."

கிழவர் தன் வெட்கத்தை முட்டை முட்டையாக ஈடுகட்டியிருக்கிறார். ஈடுகட்டக் கட்ட அவள் கை மஞ்சளாகியிருக்கிறது. கை மஞ்சளாக ஆகத் திருடி என்கிற பேர் உறுதியாகியிருக்கிறது.

ஜெயப்ரியா சாமி அலமாரிக்குப் போய் டப்பாவை எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பீடி குடிக்கறவங்களுக்கு இது என்ன பண்ணும்?" என்று திம்மராயனைக் கேட்டாள்.

அவர் டாக்டர் சொன்னதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு இனிமேல் ஒரு தப்பு செய்ய அவருக்குத் தெம்பில்லை.

"அப்ப அப்பா என் பேச்சைக் கேட்டிருந்தா..." அவள் முடிக்கவில்லை. நோய் வரக்கூடாதென்று விபூதிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டது அது. டப்பாவைக் கீழேயும் வைக்க முடியாமல் மேலேயும் வைக்க முடியாமல் நின்றாள். பிறகு கோபம் ஒரு வழி கண்டுபிடித்தது. "முனீஸ்வரன் முன்னாடி கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணீங்களே அப்பா. அந்தச் சாமிக்காவது பயம் இல்லையா?"

ராஜப்பன் முதல் முறையாக நிமிர்ந்தார். "அது சத்தியத்துல சேராதும்மா. நான் அடிக்கறதுக்கு முன்னாடியே காத்துல அணைஞ்சிருச்சு. நீ கண்ண மூடி வேண்டிக்கிட்டு இருந்த. நான் அணைஞ்ச கற்பூரத்துலதான் அடிச்சேன்."

"காத்தைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா சார்?" என்றாள் முனிலட்சுமி.

ஜெயப்ரியா பிரவீனாவின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்த மஞ்சள் கைகளைப் பார்த்தாள். "அண்ணி" என்றாள். பையைப் பிடித்திருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள். பிரவீனா அதைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு பையைத் தரையில் வைத்தாள். ஜிப்பைத் திறந்தாள். மடித்து வைத்த சேலைகளில் மேலாக இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடியில் போட்டாள். ஜிப்பை மறுபடியும் மூடினாள்.

"மாமா, சத்தியமெல்லாம் வேண்டாம். டாக்டரம்மாகிட்ட நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். பீடிய விடறதுக்கு என்ன வழியோ அத அவங்ககிட்டயே கேளுங்க. நீங்க குடிக்காத ஒவ்வொரு நாளும் இதுலேருந்து ஒரு சேலைய எடுத்து வெளிய வைப்பேன். குடிச்ச அன்னைக்கு எடுத்ததெல்லாம் திரும்ப உள்ள போகும்."

ராஜப்பன் இடுப்பு மடிப்பிலிருந்து பீடிக் கட்டை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிரவீனா கையை நீட்டினாள். அந்த மஞ்சள் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் எத்தனை சேலை இருக்குதும்மா உள்ள?" என்று கேட்டார்.

"நிறைய இருக்குது மாமா. எங்க அம்மா நிறையத்தான் குடுத்து அனுப்பினாங்க."

திம்மராயன் விடைபெறும்போது பிரவீனாவின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்பு கேட்க வந்தவர் எப்படிக் கேட்பதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார். கேட்டில் எத்தனையோ பேர் அவர் முன்னால் நின்றது போல. பிரவீனா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, போங்க" என்றாள். கேட்டில் அவர் சொல்கிற அதே இரண்டு வார்த்தைகள். அவை இத்தனை பெரிய வார்த்தைகள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும் வழியெல்லாம் மொபெட்டை முனிலட்சுமிதான் ஓட்டினாள். திம்மராயன் பின்னால் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிர் இல்லை.

"காலையிலயே தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்றார்.

"காலையில என் கண்ணுல பட்டது உங்க கைதான். கோழி காலைப் பாத்தப்பறம்தான் கணக்கு நேராச்சு. அதுவும் நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன் சார். கையப் பாத்தே கண்டுபிடிக்கறவராச்சே."

பஞ்சர் கடைக்கு முன்னால் மணி வண்டியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சார், சாயங்கால ஆஃப்பாயில் மூணு போடட்டுமா? பெரியவர் முட்டை இன்னும் மிச்சமிருக்கு."

திம்மராயன் கையை அக்குளிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. படியேறப் போனவர் நின்று, யாரும் கேட்காமலே சொன்னார்: "கேரட் இருந்தா குடு."

இந்தக் கதை இத்தோடு முடிந்தது. ஒரே ஒரு தகவல் விட்டுப்போயிற்று. முதல் பத்தியில் நான் அடித்த கற்பூரமும், மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால், கை படுமுன்பே அணைந்துவிட்டது.